சித்திரம் எழுத ஒரு பட்டப்படிப்பா?



விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், வெயிலோடும் மழையோடும் போராடி, மாலையில் வீடு திரும்பி, இந்த நேரத்தில் வானொலிப் பெட்டியின் அருகே அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தந்தைமார்களே, மாணவச் செல்வங்களே! பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றிப் பேசும்போது மருத்துவம், பொறியியல், கணக்கியல், ஆசிரியப் பணி என்று பேசுவதே நம் வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சற்று வேறானது. ஓவியக் கலையைப் பட்டப்படிப்பின் முதன்மைப் பாடமாக எடுத்துப் படிக்கலாமா? அதையும் கிறிஸ்தவர்கள் நடத்தும் ஒரு கல்லூரியில் போய்ப் படிக்கலாமா? இதுதான் இன்றைய கேள்வி.

இது நாங்களாகத் தேடிப் பிடித்த கேள்வி அன்று. ஜொகூர் மாநிலத்தில் நாங்கள் பணியாற்றும் தோட்டப் பள்ளியின் வாசலுக்கே வந்து சேர்ந்த கேள்வி. எங்களிடம் ஆறு ஆண்டுகள் படித்த ஒரு பெண், இப்போது ஆறாம் படிவத்தில் இருக்கிறாள். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். அம்மா அதே நிரையில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். ஒரு சனிக்கிழமை மாலை மூவரும் எங்களைத் தேடி வந்தார்கள். அப்பாவின் கையில் கயிறு கட்டிய ஓர் அட்டை. அதற்குள் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் அவள் வரைந்த படங்கள். கூடவே, சென்னையில் உள்ள ஒரு கிறிஸ்தவ மகளிர் கல்லூரியைப் பற்றிய விவரத் தாள்.

அந்த அப்பா சுற்றி வளைக்காமல் கேட்டார்: "சார், படம் வரையிறதுக்கு எதுக்கு யுனிவர்சிட்டி? கையில இருக்கிற வேலைதானே? அதை மூணு வருசம் படிக்கணுமா?"

அம்மா கேட்டார்: "சாமியார்மாருங்க நடத்துற காலேஜாம். புள்ளைய வேதத்துல சேத்துடமாட்டாங்களா?"

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு அப்பாவே மூன்றாவது கேள்வியையும் கேட்டார்: "இது சோறு போடுமா, சார்?"

இந்த மூன்று கேள்விகளும் நியாயமான கேள்விகள். கேட்கிற உரிமை பெற்றவர்களுக்கு உண்டு. ஆகவே இவற்றுக்கே இன்று விடை தேடுவோம். அதற்கு முன் எங்கள் பக்கத்துக் குறை ஒன்றைச் சொல்லிவிடுவது முறை.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் எடுக்கப்பட்டது உங்களுக்குத் தெரியும். அந்தத் தேர்வு இருந்த காலத்தில், ஆறாம் ஆண்டு மாணவர்களின் ஓவியப் பாட வேளையை நாங்கள் கணக்குக்கும் மொழிக்கும் எடுத்துக்கொண்டதுண்டு. அந்த நாளில் ஒரு பையன் இருந்தான். கணக்கு நோட்டின் ஓரமெல்லாம் மாடும் லாரியும் மாரியம்மன் தேருமாக வரைந்து வைத்திருப்பான். "படம் சோறு போடாதுடா" என்று அவனிடம் சொன்னவர்கள் நாங்கள்தாம். இன்று அவன் கடைப் பலகைகளுக்கும் வண்டிகளுக்கும் சாயம் பூசிப் பிழைக்கிறான். சோறு கிடைக்கிறது, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒருநாள் எங்களைப் பார்த்தபோது, "சார், கையை மட்டும் எனக்கு இன்னும் சரியா வரைய வரல. யாராச்சும் சொல்லிக் குடுத்திருந்தா வந்திருக்கும்" என்றான். அந்தச் சொல் எங்கள் மனத்தை விட்டுப் போகவில்லை. ஆகவே, இந்த முறை விடை சொல்லுமுன் நாங்களும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இனி முதல் கேள்விக்கு வருவோம். படம் வரையப் பல்கலைக்கழகம் எதற்கு?

பால்மர நிரையின் தொடக்கத்தில் நின்று நேரே பார்த்திருப்பீர்கள். எல்லா மரமும் ஏறத்தாழ ஒரே உயரந்தான். ஆனால் தூரம் போகப் போக மரங்கள் சிறுத்து, இரண்டு பக்கத்து வரிசையும் கடைசியில் ஒரு புள்ளியில் சேர்வது போலத் தோன்றும். தினமும் நம் கண் காண்கிற காட்சி இது. இதைத் தாளின் மேல் கொண்டுவர ஒரு கணக்கு உண்டு. 15-ஆம் நூற்றாண்டில், இத்தாலி நாட்டு ஃபுளோரன்ஸ் நகரில், புருனெலெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் அந்த முறையைச் செய்து காட்டினார். அதன் பிறகு ஐரோப்பிய ஓவியத்தின் போக்கே மாறியது. கலை மாணவர் முதலில் கற்கும் பாடங்களில் இது ஒன்று. கை வளம் இருக்கிற பிள்ளை இதைத் தானாகவே ஓரளவு பிடித்துக்கொள்ளும். ஆனால் ஏன் அப்படித் தோன்றுகிறது என்று தெரிந்து வரைவது வேறு.

அதுபோலவே எலும்பும் தசையும் எப்படி அமைந்திருக்கின்றன, எந்த நிறத்தின் பக்கத்தில் எந்த நிறம் எடுபடும், வெளிச்சம் எங்கிருந்து விழுந்தால் நிழல் எங்கே விழும் என்பவையெல்லாம் பாடங்கள். மண், மரம், கல், உலோகம் ஆகியவற்றில் உருவம் செய்யும் முறைகளும் இருக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சோழர் காலத்து நடராசர் திருமேனியைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதை எப்படிச் செய்தார்கள்? முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள். அதன் மேல் களிமண்ணைப் பூசிக் காயவைப்பார்கள். பிறகு சூடேற்றினால் மெழுகு உருகித் துளை வழியே ஓடிவிடும். உள்ளே உருவத்தின் அச்சு வெற்றிடமாக நிற்கும். அதில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். தட்டத்தில் ஊற்றிய பால் உறைந்து தட்டத்தின் வடிவத்தையே பெறுகிறதல்லவா? அதுபோல உலோகமும் அச்சின் வடிவத்தைப் பெறும். ஆறியதும் மண்ணை உடைத்து எடுப்பார்கள். ஓர் அச்சிலிருந்து ஒரே சிலைதான் வரும். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் இன்றும் இந்த முறையில் வேலை நடக்கிறது. கலையைப் பட்டப்படிப்பாகப் படிக்கிறவர், இதைச் செய்யும் முறையோடு, எந்தக் காலத்தில், யாருடைய ஆதரவில், எதற்காகச் செய்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்கிறார். கையும் தலையும் சேர்ந்து படிக்கிற படிப்பு இது.

அந்த மாணவி விவரத் தாள் வாங்கி வைத்திருந்த கல்லூரி, சென்னையில் உள்ள ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி. ஸ்டெல்லா மாரிஸ் என்பது இலத்தீன் மொழிச் சொல். கடலின் விண்மீன் என்று பொருள். கத்தோலிக்கர்கள் மரியன்னைக்கு வழங்கும் பெயர்களில் ஒன்று. கத்தோலிக்கக் கன்னியர் சபை ஒன்று, இந்தியா விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், சாந்தோம் பகுதியில் 32 மாணவிகளோடு இதைத் தொடங்கியது. 1960-இல் கல்லூரி கதீட்ரல் சாலைக்கு இடம் மாறியது. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி. 1987 முதல் தன்னாட்சி பெற்றது. அங்கே இலக்கியம், பொருளியல், அறிவியல் ஆகியவற்றைப் போலவே நுண்கலையும் மூன்றாண்டுப் பட்டத்துக்கு உரிய ஒரு துறை. வரைவதும் வண்ணம் தீட்டுவதும் ஒரு பக்கம், கலை வரலாறு மறுபக்கம் என்று இரண்டையும் சேர்த்துக் கற்பிப்பது அந்தத் துறையின் வழக்கம். படிக்கும் இடமும் அதற்குத் துணை நிற்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. பல்லவர் காலத்துப் பாறைச் சிற்பங்கள் நிறைந்த மாமல்லபுரமும் ஒரே நாளில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது.

ஓவியம் இப்படிப் பட்டப்படிப்பாக ஆனது எப்படி? நம் பக்கத்து நாடான பிலிப்பைன்சில் நடந்த வரலாறு ஒன்று உண்டு. தோட்டத்து மக்கள் அவசியம் கேட்க வேண்டிய வரலாறு அது.

விக்டோரியோ எடாடெஸ் என்பவர் 1895-இல் அந்த நாட்டில் பிறந்தார். 1919-இல் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். கையில் பணம் இல்லை. அலாஸ்கா பகுதியில் மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைகளில் கூலி வேலை பார்த்தார். அந்த வருமானத்தைக் கொண்டு, சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்தார். 1928-இல் ஊர் திரும்பி மணிலாவில் ஓவியக் காட்சி வைத்தார். அதில் ஒரு பெரிய படம். கட்டுமானத் தொழிலாளர்கள் என்று அதற்குப் பெயர். வியர்வையும் புழுதியுமாக, உடம்பை முறுக்கிக் கல்லோடு போராடும் உழைப்பாளிகளை மண்ணின் நிறத்திலேயே எழுதியிருந்தார். பொன் போன்ற வெயிலும் சிரித்த முகமுமாகக் கிராமத்துக் காட்சிகளைப் பார்த்துப் பழகியவர்கள் இதைக் கண்டு முகம் சுளித்தார்கள். அவர் மனம் தளரவில்லை.

மணிலாவில் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகம் என்று ஒன்று உண்டு. 1611-இல் கத்தோலிக்கத் துறவியர் தொடங்கியது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. 1930-களில் எடாடெஸ் அங்கே கட்டடக் கலை, நுண்கலைத் துறையைத் தலைமை ஏற்று நடத்தினார். அதுவரை அந்த நாட்டில் ஓவியம் ஒரு கைத்தொழிலாகவே கற்பிக்கப்பட்டு வந்தது. அவர் அதோடு கலை வரலாற்றையும் பிற மொழிகளையும் சேர்த்து, நுண்கலையில் இளங்கலைப் பட்டம் பெறும் படிப்பாக உயர்த்தினார். 1976-இல் அரசு அவருக்குத் தேசியக் கலைஞர் என்ற பட்டத்தை வழங்கியது. முன்பு மக்கள் முகம் சுளித்த அந்தப் படம் இன்று அந்த நாட்டின் செல்வமாகப் போற்றப்படுகிறது.

மீன் டப்பா அடைத்த கையே, ஓவியத்துக்கும் ஒரு பட்டம் வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. அதை ஏற்று இடம் கொடுத்தது ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகம். "கையில் இருக்கிற வேலைதானே" என்ற அந்த அப்பாவுக்கு நாங்கள் சொன்ன விடை இதுதான்: கை வேலைதான், ஐயா, ஆனால் அந்தக் கைக்கும் படிப்பு உண்டு.

இரண்டாவது கேள்வி மதத்தைப் பற்றியது. இதை மெல்ல மூடி மறைத்துப் பேசினால் பயன் இல்லை.

இந்தியாவில் கிறிஸ்தவர்கள் நடத்தும் கல்லூரிகளில் காலங்காலமாக இந்து, முஸ்லிம் பிள்ளைகள் பெருந்தொகையில் படித்து வருகிறார்கள். அந்த நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தில் 30-ஆவது பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் கல்விக்கூடங்களை நடத்த உரிமை தருகிறது. 28-ஆவது பிரிவு, அரசு அங்கீகாரமோ அரசு உதவியோ பெற்ற கல்விக்கூடத்தில் படிக்கும் எவரையும் அவருடைய சம்மதம் இல்லாமல் மதப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக்கூடாது என்கிறது. வயது வராத பிள்ளையானால் பெற்றவர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். கிறிஸ்தவ மாணவர்களுக்கு வேதபாடம், மற்றவர்களுக்கு நன்னெறிப் பாடம் என்று பிரித்து நடத்துவது பல கல்லூரிகளில் வழக்கம். இருந்தாலும் நீங்கள் வாயால் கேட்டதோடு நிற்காமல், கல்லூரிக்கு எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்தவக் கல்லூரியில் ஓவியம் எதற்கு என்றும் சிலர் கேட்கக்கூடும். கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இந்த வழக்கு பல நூற்றாண்டுகள் நடந்திருக்கிறது. கி.பி. 600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வாழ்ந்த போப்பாண்டவர் கிரகோரியார், படித்தவருக்கு ஏடு எப்படியோ, படிக்காதவருக்குப் படம் அப்படி என்ற கருத்தை எழுதி வைத்தார். 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் கிழக்கத்திய கிறிஸ்தவ நாட்டில் படங்களை அழிக்கச் சொல்லி ஆணை பிறந்ததும் உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தச் சபையினர் பலர் கோயில்களிலிருந்து சிலைகளை அகற்றியதும் உண்டு. அதே நூற்றாண்டில், 1508 முதல் 1512 வரை, மைக்கேலாஞ்சலோ ரோமாபுரியில் ஒரு தேவாலயத்தின் கூரை முழுவதும் படம் எழுதினார். இவற்றையெல்லாம் கலை மாணவி வரலாறாகப் படிப்பாள். வரலாறு படிப்பதால் யாரும் மதம் மாறிவிடுவதில்லை.

கலைஞர்களின் வாழ்க்கையைப் பார்த்தாலும் இது விளங்கும். சென்னை அரசு கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த சிற்பி எஸ். தனபால், சிலுவை சுமக்கும் ஏசுநாதரைச் சிற்பமாக வடித்தவர். நம் மலேசிய ஓவியர் சையத் தாஜுடீன் 1943-இல் இராமநாதபுரம் பக்கத்து அழகன்குளத்தில் பிறந்து, பினாங்கில் வளர்ந்தவர். சென்னைக்குப் போய் அதே அரசு கலைக் கல்லூரியில் படித்தவர். அந்தக் காலத்திலேயே இராமாயணக் காட்சிகளைப் பெரிய அளவில் ஓவியமாக எழுதினார். ஓர் இஸ்லாமியர் அனுமனை எழுதினார். ஓர் இந்து ஏசுவை வடித்தார்.

அவ்வளவு தூரம் போவானேன்? ஜொகூர் பாருவில் உள்ள இராஜகாளியம்மன் கண்ணாடிக் கோவிலுக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். சுவரிலும் தூணிலும் கூரையிலும் ஏறத்தாழ 3 இலட்சம் கண்ணாடித் துண்டுகளைப் பதித்த கோவில் அது. அங்கே அம்மன் சந்நிதியைக் கும்பிட்டுத் திரும்புகிறவர் கண்ணில், வெண்பளிங்குச் சிலைகளாகப் புத்தரும் ஏசுநாதரும் அன்னை தெரேசாவும் தென்படுகிறார்கள். அவர்கள் அங்கே நிற்பதால் அம்மனுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லையே! இதைச் சொன்னதும் அந்த அம்மா சற்றே சிரித்தார். "ஆமா சார், நானே தொட்டுக் கும்பிட்டேன்" என்றார்.

பெண் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இன்னொரு தயக்கமும் இருக்கும். உருவம் வரையக் கற்கும்போது ஆளை எதிரே அமர்த்தி வரைவார்கள். மேல்நாட்டுக் கலைப் பள்ளிகள் பலவற்றில் ஆடையில்லாத உருவத்தைப் பார்த்து வரைவது பழைய வழக்கம். கிறிஸ்தவக் கல்விக்கூடங்கள் பலவும் ஆடையணிந்தவரை வைத்தே வரையச் சொல்கின்றன. இதையும் வெட்கப்படாமல் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பதில் தவறில்லை, கேளாமல் போய்ப் பிறகு வருந்துவதே தவறு.

மூன்றாவது கேள்வி, எல்லாவற்றிலும் கனமான கேள்வி. சோறு போடுமா?

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று 2025-இல் நிர்ணயிக்கப்பட்டது. அந்த அளவு வருமானத்தில் குடும்பம் நடத்துகிறவரிடம், "கலை தெய்வீகமானது, பணத்தைப் பார்க்காதீர்கள்" என்று பேசினால் அது பாவம். ஆகவே கணக்கைத் திறந்து வைத்துப் பேசுவோம்.

படம் எழுதி, அதை விற்று மட்டுமே வாழ்கிறவர்கள் எந்த நாட்டிலும் சிலரே. ஆனால் கலைப் பட்டம் பெற்றவருக்கு அது ஒன்றே வழி அன்று. பள்ளிகளில் ஓவிய ஆசிரியராகலாம். புத்தகம், செய்தித்தாள், விளம்பரம், துணி வடிவமைப்பு, அசைபடம், திரைப்படம் ஆகிய தொழில்களில் இடம் உண்டு. அருங்காட்சியகங்களில் பழைய பொருளைப் பாதுகாக்கும் பணியும் உண்டு. இப்போது கணினியே கேட்ட படத்தை வரைந்து தருகிறதே என்பீர்கள். உண்மைதான். விரைவில் முடிகிற சில்லறை வேலைகள் பலவற்றை அது எடுத்துக்கொண்டு வருகிறது. ஆகவே, வெறும் கைத்திறனை மட்டும் நம்பிப் போகிறவருக்கு இனி இடர் அதிகம். வரலாறும் மொழியும் எண்ணமும் சேர்த்துப் படித்தவருக்கு வேறு கதவுகளும் இருக்கும்.

ஒரு கையில் கலை, மறுகையில் வேறொரு தகுதி என்று போனவர்களும் உண்டு. 1965-இல் நம் ஜொகூர் பாருவில் பிறந்த ஓவியர் ஜெ. அனுரேந்திரா, சட்டம் படித்துப் பட்டம் பெற்றவர்; பத்திரிகைத் துறையிலும் வேலை பார்த்தவர். மலேசிய இந்தியர்களின் வாழ்க்கை அவருடைய ஓவியங்களில் தொடர்ந்து இடம் பெறுகிறது. தமிழ்நாட்டில் கே. எம். ஆதிமூலம் என்ற ஓவியர் இருந்தார். 1938-இல் திருச்சிப் பக்கத்துக் கீராம்பூரில் பிறந்து 2008-இல் மறைந்தவர். காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி, 1969-இல் அவரைக் கோடுகளாலேயே நூறு படங்களாக வரைந்தார். தமிழ் ஏடுகளுக்கும் படம் வரைந்தார். கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசிக்கு அவர் போட்ட கிராமத்துப் படங்கள் வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்தவை. இவர்களெல்லாம் உழைப்பால் உயர்ந்தவர்கள். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று நாங்கள் உறுதி சொல்லமாட்டோம்.

ஆகவே, பெற்றோர்கள் முடிவு செய்யுமுன் சில செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பள்ளிப் படிப்பு. இந்தியாவில் பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்புக்குப் பின்னரே பட்டப்படிப்பு. நம் எஸ்.பி.எம். பதினோரு ஆண்டுப் படிப்பு. ஆகவே எஸ்.டி.பி.எம். அல்லது அதற்கு ஈடான தேர்வை முடித்துவிட்டுப் போவது நல்லது. எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். இரண்டிலும் காட்சிக் கலை ஒரு பாடமாகவே இருக்கிறது, அதை எடுக்கலாம். ஆனால் மலாய் மொழியைக் கைவிட்டுவிடாதீர்கள். பின்னால் அரசு வேலைக்குப் போக வேண்டுமானால் எஸ்.பி.எம். மலாய் மொழியில் நல்ல தேர்ச்சி வேண்டும்.

இரண்டாவது, பட்டத்தின் மதிப்பு. வெளிநாட்டுப் பட்டம் எதுவானாலும் அது நம் நாட்டு அரசுப் பணிக்கு ஏற்கப்படுகிறதா என்பதை, பணம் கட்டுமுன் மலேசியத் தகுதி முகமையிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். பணம் கட்டிய பின் விசாரிப்பது, மரம் சாய்ந்த பின் கயிறு கட்டுவதற்குச் சமம்.

மூன்றாவது, பணம். பி.டி.பி.டி.என். கல்விக் கடன் உள்நாட்டு உயர்கல்விக்கே உரியது. வெளிநாட்டுக்குப் போவதானால் கல்லூரிக் கட்டணம், விடுதி, மாணவர் விசா, விமானச் செலவு, தாள், வண்ணம், தூரிகை அனைத்தையும் மூன்றாண்டுக்கும் சேர்த்து எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஓவியப் படிப்புக்குப் பொருட்செலவு உண்டு. அதை மறந்துவிட வேண்டாம்.

நான்காவது, வேறு வழிகள். கடல் தாண்டித்தான் போக வேண்டும் என்பதில்லை. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கலைத் துறை உண்டு. சரவாக் பல்கலைக்கழகத்திலும் உண்டு. ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்குத் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் கலைக் கல்வி உண்டு. பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூரில், 1938-இல் தொடங்கிய நன்யாங் நுண்கலைக் கழகம் இருக்கிறது. சென்னைக்கே போவதானாலும், அரசு கலைக் கல்லூரியின் நான்காண்டுப் படிப்பு செயல்முறைக்கு முதலிடம் தருவது; ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியின் மூன்றாண்டுப் படிப்பு வரலாற்றையும் செயல்முறையையும் இணைப்பது. பிள்ளையின் மனம் எதில் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஐந்தாவது, இன்றே செய்யக்கூடியது. பிள்ளை வரைந்த படங்களைக் குப்பையில் போடாதீர்கள். தேதி எழுதி வரிசையாக ஓர் அட்டைக்குள் சேர்த்து வையுங்கள். கலைக் கல்லூரிகள் பல, மதிப்பெண்ணோடு அந்தத் தொகுப்பையும் கேட்கின்றன. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். அந்தப் பிள்ளைக்கு நீங்கள்தான் சுவர்.

நேயர்களே, இன்னும் ஒரு செய்தி. சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலை இருக்கிறது. நான்கு பேர் ஒரு பெரும் பாறையைப் பெயர்க்கப் போராடுவது போன்ற சிலை. சென்னைக் கலைப் பள்ளியில் 1929 முதல் 1957 வரை முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. 1959-இல் அங்கே நிறுவப்பட்டது. அந்த நால்வரும் மன்னர்கள் அல்லர்; கூலிக்காரர்கள். ஆனால் கடற்கரைக்கு வரும் கூட்டம் அவர்களை அண்ணாந்து பார்க்கிறது.

ஜொகூரில் நாம் அறிந்த தோட்டங்கள் பல இன்று இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்திருக்கின்றன. மங்கு, உளி, காண்டாக் கம்பு, ஆயாக் கொட்டகை, லயத்து வாசல், அந்த வாசலில் உட்கார்ந்து தலை சீவிய பாட்டி எல்லாம் கண்ணை விட்டு மறைந்து வருகின்றன. அவற்றைப் பார்த்து வளர்ந்த கை வரைவதற்கும், கேள்விப்பட்ட கை வரைவதற்கும் வேறுபாடு உண்டல்லவா? பயின்ற கண்ணோடு, முறையறிந்த கையோடு நம் பிள்ளை ஒருத்தி அதை வரைந்தால், அது நம் குடும்பத்துக்கு மட்டும் உரிய சொத்தாக இராது.

அன்று மாலை அந்த அப்பாவிடம் நாங்கள் முடிவு எதையும் சொல்லவில்லை. மேலே சொன்ன ஐந்து செய்திகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். கல்லூரிக்குக் கேட்டு எழுத வேண்டிய கடிதத்தையும் அந்தப் பெண்ணை வைத்தே எழுதச் செய்தோம். புறப்படும்போது அவர் அட்டையைப் பிரித்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாளால் ஒருவர் குலை வெட்டுகிற படம். முகம் தெரியவில்லை, அண்ணாந்த கழுத்தும் கம்பைப் பிடித்த இரண்டு கைகளுந்தான். அவர் தம் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். "இந்த வெரலு அன்னைக்கு வெட்டுப்பட்டது சார். அதையும் விடாம போட்டிருக்கு" என்றார். படத்தை மடங்காமல் அட்டைக்குள் வைத்து, கயிற்றைக் கட்டிக்கொண்டு போனார்.

கல்லூரியின் பதிலுக்காக இப்போது அந்தக் குடும்பம் காத்திருக்கிறது. அது வந்த பின் முடிவு அவர்களுடையது. உங்கள் வீட்டிலும் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தைத் தேடும் பிள்ளை ஒன்று இருக்கலாம். "இது எதற்கு?" என்று கேளுங்கள். ஆனால் விடையையும் சேர்த்துத் தேடுங்கள். நாங்கள் ஒரு பையனிடம் கேள்வியோடு நிறுத்திக்கொண்டோம். அந்தத் தவறு உங்கள் வீட்டில் வேண்டாம்.